மிச்சமிருக்கும் ஐந்து விழுக்காடு

ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் கணக்கில் 95 என்றால் 100. நூற்றுக்கு 95 பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டால் அந்த மாநிலம் 'முழு எழுத்தறிவு' பெற்றுவிட்டதாம். 2024 ஜூனில் லடாக், 2025 மே மாதத்தில் மிசோரம், அதன் பின்னால் கோவா, திரிபுரா, இமாச்சலப் பிரதேசம் என்று அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. மிச்சமிருக்கும் அந்த ஐந்து பேர் யார் என்ற கேள்விக்கு மட்டும் மேடையில் இடமில்லை.

நாம் கேட்டுப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பழங்குடியினர் 1.1 விழுக்காடு. இருளர், காணிக்காரர், பளியர், காட்டுநாயக்கர், மலையாளி என்று இம்மாநிலப் பழங்குடிகளில் ஒருவருக்குக்கூட 'அ' தெரியாவிட்டாலும், மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தால் 98.9 விழுக்காடு வந்துவிடும். தாராளமாக விழா எடுக்கலாம்.

இதை வெறும் எண் விளையாட்டு என்று நினைப்பவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் சேலக்கோடன் ஆயிஷா. அந்த இயக்கத்தில்தான் அவரே எழுத்துக் கற்றார். அழகான காட்சி, அதைச் சிறுமைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதே 1991 கணக்கெடுப்பில் கேரளப் பழங்குடியினரின் எழுத்தறிவு 57 விழுக்காடு. இருபது ஆண்டு கழித்து, 2011இல், மாநிலச் சராசரி 94 என்று இருந்தபோது அவர்களுடையது 76ஐக்கூட எட்டவில்லை. 'முழு' என்ற சொல்லுக்குள் ஆதிவாசி இல்லை என்பதுதான் இதன் பொருள். நாட்டிலேயே ஆகச் சிறந்த எழுத்தறிவு இயக்கம் நடந்த மண்ணிலேயே இதுதான் நிலைமை.

தமிழ்நாட்டின் கணக்கு இதைவிட மோசம். 2011இல் மாநிலச் சராசரி 80. பட்டியல் சாதியினர் 73. பழங்குடியினர் 54. பழங்குடிப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். இதற்குப் பிறகான கணக்கு நம்மிடம் இல்லை, ஏனென்றால் 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பே எடுக்கப்படவில்லை. ஒரு குழந்தை பிறந்து ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிடும் அளவு பழைய எண்களை வைத்துக்கொண்டுதான் 'வாழ்நாள் கல்வி' பற்றிய கருத்தரங்குகள் நடக்கின்றன.

அந்தக் கருத்தரங்குகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு வாதம் உண்டு. சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. படித்தவர்கள், பலர் முற்போக்காளர்கள். "பள்ளிச் சேர்க்கை கிட்டத்தட்ட முழுமையாகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வயதானவர்கள். இன்னும் இருபது வருடத்தில் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும்." தானாகத் தீர்வது எப்படி? அவர்கள் செத்துப்போவார்கள் என்பதைத்தான் இவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறார்கள். ஒரு தலைமுறை சாகும்வரை காத்திருப்பதைக் கொள்கை என்று எந்த ஊரில் அழைப்பார்கள்?

சரி, வாதம் உண்மையா என்றாவது பார்ப்போம். செங்கல் சூளைக்கு ஆறு மாதம் பெற்றோரோடு போய், திரும்பி வரும்போது வகுப்பில் எதுவும் புரியாமல் நான்காம் வகுப்போடு நின்றவருக்கு இன்று வயது முப்பதுகூட இல்லை. பள்ளிப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்திருக்கும். படித்த மூன்று வருடமும் பத்தே வருடத்தில் கையைவிட்டுப் போய்விடும், ஏனென்றால் அவர் செய்யும் எந்த வேலையிலும் எழுத்து அவர் பக்கம் வருவதில்லை. கங்காணியிடமும் மேஸ்திரியிடமும் நோட்டு இருக்கிறது. அந்த நோட்டில் அவர் பெயரில் ஒரு கடன் இருக்கிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எழுத்தறியாமை பழைய காலத்தின் எச்சமாக நீடிக்கவில்லை. சாதியும் கூலியும் சேர்ந்து அதை ஒவ்வொரு வருடமும் புதிதாக உற்பத்தி செய்கின்றன.

இனிப் பணத்துக்கு வருவோம். இப்போது நடப்பில் இருப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 'உல்லாஸ்' என்று பெயர். 2022 முதல் 2027 வரை ஐந்து ஆண்டு. மொத்த ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய், அதில் ஒன்றிய அரசின் பங்கு 700 கோடி, மீதி மாநிலங்களுடையது. இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள். ஒரு மனிதருக்கு 208 ரூபாய்கூட வரவில்லை. மாதத்துக்கு இல்லை, மொத்தத்துக்கே. ஒருவரை வாழ்நாள் இருட்டிலிருந்து வெளியே கொண்டுவர ஒன்றிய அரசு கொடுப்பது 140 ரூபாய். (இரண்டு பேர் போய்ப் பிரியாணி சாப்பிட முடியாத காசு.) மிச்சத்தைத் தன்னார்வலர்களின் 'சேவை மனப்பான்மை' பார்த்துக்கொள்ளுமாம். கற்பிப்பவருக்குச் சம்பளம் கிடையாது. கடைசியில் 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ்.

இந்தத் திட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லாரும் இருக்கிறார்கள். காகிதத்தில் பெயர் போடச் செலவில்லை. இதற்கு முன்பு 2009 முதல் 2018 வரை இருந்த சாக்ஷர் பாரத் திட்டம் குறைகள் நிறைந்ததுதான், ஆனாலும் 7 கோடி இலக்கில் 6 கோடி பெண்கள், 1.4 கோடி பட்டியல் சாதியினர், 80 லட்சம் பழங்குடியினர் என்று எண் போட்டுச் சொன்னது. ஊராட்சி மையத்தை நடத்துபவருக்கு மாதம் 2,000 ரூபாயாவது கொடுத்தது. அந்த அற்பத் தொகையும் இப்போது இல்லை. ஊதியமில்லாத தன்னார்வலர் என்றால் யார் வருவார்? மாலையில் வேலையில்லாமல் இருக்க வசதியுள்ளவர் வருவார். பகலெல்லாம் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு வரும் சேரிப்பெண், பத்தாம் வகுப்பு படித்திருந்தாலும், தன் தெருவுக்கே ஆசிரியராக முடியாது. ஊரிலிருந்து ஒருவர் சேரிக்குள் வந்து சொல்லித்தர வேண்டும். அல்லது சேரிப்பெண்கள் ஊருக்குள் இருக்கும் பள்ளிக்கு இரவு ஏழு மணிக்குப் போய் உட்கார வேண்டும். இரண்டும் எத்தனை ஊர்களில் நடக்கும் என்பது இதைப் படிக்கும் உங்களுக்கே தெரியும். சம்பளம் கொடுக்காமல் விடுவதுகூட ஒரு சாதிய ஏற்பாடுதான்.

வயதுவந்தோர் கல்வி என்றதும் நம் இளைஞர்களுக்கு ஐ.நா. சபை, யுனெஸ்கோ, அரசாணை என்றுதான் நினைவுக்கு வருகிறது. 2022இல் மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் உலக நாடுகள் கூடி ஒரு செயல்திட்டம் வெளியிட்டன. அதே வருடம் யுனெஸ்கோவின் 'கற்கும் நகரங்கள்' பட்டியலில் வாரங்கல், திருச்சூர், நிலம்பூர் மூன்றும் சேர்ந்தன. நிலம்பூர் காடு சோழநாயக்கர்களின் காடு. 2023-24இல் ஆதிவாசிகள் நிலம் கேட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடியதும் அதே நிலம்பூரில்தான். கற்கும் நகரம் அவர்களிடமிருந்து என்ன கற்றது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவல்.

இந்தக் கல்வி யுனெஸ்கோ நமக்குக் கொடுத்த வரம் கிடையாது. 1855இல் பூனாவில் உழவர்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் தங்கள் வீட்டிலேயே இரவுப்பள்ளி நடத்தியவர்கள் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும். 1946இல் அண்ணல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகும் ஏழைப் பிள்ளைகள் படித்துவிட்டு வேலைக்குப் போகட்டும் என்று அதிகாலையில் வகுப்புகள் வைத்தார்கள். இவற்றைவிட எனக்குப் பிடித்தது அய்யன்காளியின் கதை. 1904இல் வெங்ஙானூரில் புலையர் பிள்ளைகளுக்காக அவர் கட்டிய பள்ளியைச் சாதி இந்துக்கள் கொளுத்தினார்கள். பிறகு, எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் எங்கள் கால் படாது என்று வேலைநிறுத்தம் செய்ய வைத்தார். வயல்கள் களை மண்டின. கல்விக்காக உழைக்கும் மக்கள் செய்த இந்த வேலைநிறுத்தத்தை நடத்திய மனிதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1912இல் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குள் போய்ப் பேசினார். எழுத்தறியாதவர் 'பயனாளி', அவர் கேட்பார், நாம் கொடுப்போம் என்ற பார்வை எவ்வளவு பொய் என்பதற்கு இந்த ஒரு வாழ்க்கை போதும்.

'பிராந்திய ஒத்துழைப்பு' என்று இப்போது கோட் போட்டுக்கொண்டு பேசப்படும் விஷயத்தையும் நம் முன்னோர் எப்போதோ செய்துவிட்டார்கள். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அதன் வாசகர்கள் சென்னையோடு நிற்கவில்லை. மைசூர் அரசின் கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் அந்த இதழைத் தாங்கினார்கள். மாரிகுப்பம், பெங்களூர், ஹூப்ளி, செகந்திராபாத், ரங்கூன் வரை பௌத்த சங்கக் கிளைகள் இருந்தன. பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு அவருடைய எழுத்துகளை நூல்களாக்கிக் காத்தது தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை. எந்தப் பல்கலைக்கழகமும் அதைச் செய்யவில்லை. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டு விவாதிப்பதுதான் அன்றைய வாசிப்பு. சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வந்தவர்களின் மாலைநேரக் கல்வி அது. மொழிவாரி மாநிலங்கள் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, தென்னகம் முழுவதையும் ஒரே வகுப்பறையாக ஒடுக்கப்பட்ட மக்கள் வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அப்படியொன்று நடந்தது என்றால் 1989க்கும 1993க்கும் இடையில்தான். அந்த நான்கு வருடத்தை நம் தலைமுறை சரியாகப் படிக்க வேண்டும்.

1990 பிப்ரவரியில் எர்ணாகுளம், நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. வேலையைச் செய்தது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும். அங்கே கற்றதை எடுத்துக்கொண்டு அதே 1990இல் பாரத் ஞான் விஞ்ஞான் ஜாத்தா நாடெங்கும் கலைப்பயணம் போனது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கம் அதை ஏந்தியது. ஒன்றரை வருடத்துக்குள் புதுக்கோட்டையில் அறிவொளி பற்றிக்கொண்டது. எர்ணாகுளத்தில் நாடகம் போட்டவர்களைப் பார்த்துப் புதுக்கோட்டையில் நாடகம் போட்டார்கள். அங்கே வகுத்த முறையை இங்கே கிராமத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். மாநில அரசுகள் ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கிய கதையில்லை இது. எல்லை தாண்டிப் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்து வந்தவர்களால் நடந்த காரியம்.

புதுக்கோட்டையில் எழுத்தோடு சைக்கிளும் வந்தது எல்லாருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள், ஊரே கேலி செய்தும் விடவில்லை. சாய்நாத் எழுதி அது பாடப்புத்தகம்வரை போய்விட்டது. ஆனால் அதே காலத்தில் நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கல்குவாரிகளில் குத்தகைக்காரர்களிடம் கல்லுடைத்துக் கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கு அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் குவாரிகளே குத்தகைக்கு விடப்பட்டன. கூலி வாங்கியவர்கள் கணக்கு வைக்கத் தொடங்கினார்கள். லோடு எவ்வளவு, விலை எவ்வளவு, இத்தனை நாள் யார் யாருக்கு எவ்வளவு போனது என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. சைக்கிள் எல்லாருக்கும் பிடித்த கதையாகி நிலைத்தது, குவாரிக் கதை நிலைக்கவில்லை. அது ஏன் என்று யோசித்தால், சைக்கிள் யாருடைய சொத்திலும் கைவைக்கவில்லை என்பது புரியும்.

அடுத்து நெல்லூர். 1991இல் அங்கே எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. பாடநூலில் சீதம்மா என்ற பெண்ணின் கதை ஒரு பாடம்: சாராயத்தால் வீடு அழியக் கண்டவள் மற்ற பெண்களைத் திரட்டிக் கடையை மூடுகிறாள். துபகுண்டா கிராமத்துப் பெண்கள் அந்தப் பாடத்தைப் படித்தார்கள். படித்துவிட்டுக் கடையை மூடிவிட்டார்கள். துபகுண்டாவில் நடந்தது அடுத்த பாடநூலில் பாடமாக வந்தது. அதைப் படித்த மற்ற ஊர்ப் பெண்கள் தங்கள் ஊர்க் கடைகளை நோக்கி நடந்தார்கள். முன்வரிசையில் நின்றவர்களில் பெரும்பகுதி தலித், பிற்படுத்தப்பட்ட கூலிப்பெண்கள். சாராய ஏலம் எடுக்க ஆள் வராமல் போனது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கே வந்தது. அது சில ஆண்டுகளில் வாபஸானது வேறு விஷயம். ஓர் அரிச்சுவடி அரசின் கஜானாவில் கைவைத்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

அதற்குப் பிறகு எழுத்தறிவு இயக்கங்கள் ஏன் மெல்ல மெல்ல மையம், பதிவேடு, சுயஉதவிக் குழுக் கணக்கு என்று அடங்கின என்பதற்கு நிதி, நிர்வாகச் சோர்வு, அதிகாரிகள் மாற்றம் என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மை. என் கணிப்பில் முதன்மைக் காரணம் எளியது. படித்தவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்பது நெல்லூரில் தெரிந்துபோனது. குவாரியும் சாராயமும் யார் கையில் இருந்தன என்று பார்த்தால், அடுத்த பாடம் நிலமாகத்தான் இருந்திருக்கும்.

அந்த இயக்கங்கள் மீது எனக்குள்ள விமர்சனத்தையும் சொல்லிவிடுகிறேன். அறிவொளி மூடநம்பிக்கையைப் பேசியது, பெண்விடுதலை பேசியது, குடிநீர், தடுப்பூசி பேசியது. சாதியைப் பெயர் சொல்லித் தன் மையத்தில் வைக்கவில்லை. 'மக்கள்' என்ற சொல்லால் ஊரையும் சேரியையும் ஒட்டப் பார்த்தது. எழுத்தறிவுக்குக் குறுக்கே நிற்பது அறியாமை என்று எடுத்துக்கொண்டால் விளக்கு ஏற்றினால் போதும். குறுக்கே நிற்பது வெங்ஙானூர்ப் பள்ளிக்குத் தீவைத்த கை என்று எடுத்துக்கொண்டால் வேறு தயாரிப்பு வேண்டியிருக்கும். அந்தத் தயாரிப்பு இல்லாததால்தான் விளக்கு அணைந்த பிறகு யார் இருட்டிலிருந்தார்களோ அவர்களே இருட்டில் மிஞ்சினார்கள்.

'கைநாட்டு' என்பது இன்றும் ஒரு வசவு. படிக்காதவரை அவமானப்படுத்த நம் சினிமாவும் தெருவும் இந்தச் சொல்லைத்தான் எடுக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இப்போது அரசே எல்லாரிடமும் கைநாட்டுத்தான் கேட்கிறது. ரேஷன் கடையில் விரலை வை. வங்கி முகவரிடம் விரலை வை. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தேவையில்லை. படிக்கத் தெரிந்தாலும் திரை உன் பக்கம் திரும்பாது. கல்லிலும் சிமெண்டிலும் ரேகை தேய்ந்த விரல் இயந்திரத்தில் பதியாவிட்டால் நாளை வா. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் செயலியில் படம் எடுத்து வருகைப்பதிவு. தன் பெயருக்கு நேரே அன்று என்ன பதிந்தது என்பது வேலை செய்தவருக்குத் தெரியாது. முன்பு கங்காணியின் நோட்டு, இன்று அதிகாரியின் திரை. 'டிஜிட்டல் எழுத்தறிவு' என்று பாடத்திட்டத்தில் ஒரு பகுதி சேர்த்து, கியூஆர் கோடு ஸ்கேன் செய்யச் சொல்லிக் கொடுத்தால் போதுமா? அந்தத் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லும் தைரியத்தையும் விவரத்தையும் கொடுப்பதுதான் கல்வி.

கையெழுத்து மட்டும் கற்றுக்கொடுக்கும் கல்வியோ இன்னும் ஆபத்து. தனித் தொகுதி ஊராட்சிகளில் தலைவராகும் தலித் பெண்களை நினைத்துப் பாருங்கள். 1997இல் மேலவளவில் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 2006 வரை தேர்தலையே ஒழுங்காக நடத்தவிடவில்லை. இப்போது பல ஊர்களில் அவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்வதில்லை. தலைவர் இருக்கட்டும், காசோலையில் கையெழுத்துப் போடட்டும், தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம் என்கிறார்கள். படிக்கத் தெரியாமல் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு தலைவர்தான் அவர்களுக்குத் தேவை. எழுத்தறிவுச் சான்றிதழ் வாங்கிய பெண்ணின் கையெழுத்தால் யாருக்கு லாபம் என்று கேட்காத திட்டம், ஆதிக்கச் சாதித் துணைத்தலைவருக்குச் செய்யும் சேவையாகவே முடியும்.

அதனால்தான் சொல்கிறேன், அரிச்சுவடியோடு நிற்காமல் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று மேலே போகும் வழி வேண்டும். சத்துணவுக்கூடத்தில் அமைப்பாளராகப் பத்தாம் வகுப்பு கேட்கிறார்கள். 150 மதிப்பெண் தேர்வின் சான்றிதழ் அங்கே செல்லாது. கேரளத்தில் மாநில எழுத்தறிவு இயக்கம் நான்கு, ஏழு, பத்து, பன்னிரண்டு என்று சமநிலைத் தேர்வுகளைத் தொடர்ந்து நடத்துகிறது. 2018இல் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கியபோது அவரை எல்லாரும் கொண்டாடினோம். அதற்குப் பின்னால் இருபது வருட அமைப்பு ஒன்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை. தமிழ்நாடு காப்பியடிக்க வேண்டியது அந்த அமைப்பை. கூடவே கேரளம் நம்மிடமிருந்து கற்க வேண்டியதும் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸ் குறைப்பை எதிர்த்து 'பெம்பிளை ஒருமை' என்று எழுந்த தோட்டத் தொழிலாளர் பெண்கள் பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள். முழு எழுத்தறிவு மாநிலத்தில் தலைமுறைகளாக லயத்தில் வாழ்பவர்கள். அவர்கள் எந்த மொழியில், எந்த மாநிலத்தின் சான்றிதழோடு படிப்பது?

எல்லை யாருக்கு இடைஞ்சல் என்று பாருங்கள். ஐ.டி. நிறுவனத்துக்குச் சென்னையிலிருந்து பெங்களூர் போகிறவருக்குச் சான்றிதழ் பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டு அருந்ததியர் பலரின் வீட்டுமொழி தெலுங்கு, அரிச்சுவடி தமிழ். ஜவ்வாது மலையிலிருந்து ஆந்திரத்துக்கு மரம் வெட்டக் கூட்டிப் போகப்பட்டவர்களுக்கு எந்தக் காட்டில், எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறோம் என்றே தெரியாது. 2015 ஏப்ரலில் சேஷாசலத்தில் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். திருவள்ளூர் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். வருடத்தில் பாதியை ஒரு மாநிலத்திலும் பாதியை இன்னொன்றிலும் கழிப்பவரின் கல்விக்கு எந்த மாநிலமும் பொறுப்பில்லை. பெரும்பாலும் அவர்கள் தலித்துகள், பழங்குடிகள். மாநில எல்லைக்குள் நிற்கும் எழுத்தறிவுத் திட்டம் அவர்களைத் தொடாது. கேரளம் 2017இல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்று தொடங்கி வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்கிறது. நம் ஊரில் பலரிடம் அவர்களுக்கு இருப்பது 'வடக்கன்' என்ற ஒரே சொல். அந்த வடக்கன் பீகாரின் முசகராக இருக்கலாம் என்பது சமூகநீதி பேசும் வாயிலும் நினைவுக்கு வருவதில்லை.

2025 மார்ச் 22 அன்று சென்னையில் தொகுதி மறுவரையறைக்கு எதிராக மாநிலங்கள் கூடின. தமிழ்நாட்டு, கேரள, தெலங்கானா முதல்வர்களும் கர்நாடகத் துணை முதல்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். நியாயமான கூட்டம். நாடாளுமன்ற இடங்களுக்காக உட்கார முடிந்தவர்கள், தங்கள் நான்கு மாநிலங்களுக்கு இடையே அலையும் கூலிக்காரரின் கல்விக்காக ஏன் உட்கார முடியாது? ஒரு மாநிலத்தில் எழுதிய சமநிலைத் தேர்வு மற்ற மூன்றிலும் செல்லட்டும். சூளையிலும் தோட்டத்திலும் தொழிலாளியின் மொழியிலும் அந்த ஊர் மொழியிலுமாக இரட்டைப் பாடநூல் வரட்டும். அதைக் கற்பிக்க அந்தச் சேரியிலிருந்தும் லயத்திலிருந்தும் ஆள் எடுத்து மாதச் சம்பளம் கொடுக்கட்டும். 'தென்னகம் கல்வியில் முன்னணி' என்று பெருமை பேசும்போது, அந்தச் சராசரியைக் கீழே இழுப்பவர்களாக நம் மக்களை மறைத்து வைக்கும் பழக்கம் நிற்கட்டும். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதோடு முடிந்துவிடுகிறது. பதினைந்தாவது வயதிலிருந்து படிப்பு சலுகை. சட்டத்தில் உரிமையாக இல்லாததை 208 ரூபாயில் முடிப்பது சுலபம்.

"இதெல்லாம் அரசு செய்ய வேண்டியது, இயக்கத்துக்கு என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அய்யன்காளியிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். நம் ஊர்களில் அம்பேத்கர் பெயரில் படிப்பகங்கள் இருக்கின்றன, மாலைநேரப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. அங்கே பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வருகிறார்கள். தேவையான வேலைதான். ஆனால் அந்தப் படிப்பகத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, பிள்ளைகள் வந்ததும் வெளியே போய்விடும் அக்காவுக்கு அங்கே ஒரு பாய் விரிக்கப்படுகிறதா? 'கற்பி' என்று சுவரில் எழுதியிருக்கும் கட்டடத்தில் அந்தச் சொல்லைப் படிக்கத் தெரியாதவர் கூலியில்லாமல் துடைப்பம் பிடிக்கிறார் என்றால் அந்தச் சொல் யாருக்காக எழுதப்பட்டது? அவர் பிள்ளையின் படிப்புக்கு உதவுவார் என்பதற்காக அவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பார்கள். வேண்டாம். அவர் படிக்க விரும்புவதற்கு அவர் மட்டுமே போதுமான காரணம்.

ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நடப்பு எழுத்தறிவுத் திட்டம் 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. அதில் எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. 1931க்குப் பிறகு முதன்முறையாக எந்தச் சாதிக்கு எவ்வளவு எழுத்து என்ற கணக்கு முழுசாகக் கிடைக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. ஆனால் அடுத்த திட்டத்தின் வரைவை அந்தக் கணக்கு வெளிவருவதற்கு முன்பே எழுதி முடிக்கப் பார்ப்பார்கள். அதற்குள் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானாவின் சாதி ஒழிப்பு அமைப்புகள் சேர்ந்து ஒரு பொதுக் கோரிக்கையைத் தயாரிக்க வேண்டும்: சாதிவாரி இலக்கு, சம்பளமுள்ள ஆசிரியர், எல்லை தாண்டும் சான்றிதழ். 95ஐ 100 என்று எண்ணும் விதியை நீக்கு என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும். கூட்டத்தைத் தங்கவயலில் வைக்கலாம் என்பது என் யோசனை. ஐந்து மாநிலத்துக்கும் ரயில் வசதி இருக்கிறது, சாம்பியன் ரீஃபில் இன்றும் நம் மக்கள் இருக்கிறார்கள். கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் தெரிந்த தோழர்கள் மொழிபெயர்ப்பு வேலையை இப்போதே தொடங்கலாம்.